பன்னிரண்டு பெட்டியும் ஒரு வாலும்

ஜூன் 11, செவ்வாய்

என் பெயர் தாசையன். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன்.

இந்த மூன்று வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஆனது. ஆகட்டும். இது எழுபது வருஷம் கைநாட்டு வைத்த விரல். முதியோர் வகுப்பு ஷைனி டீச்சர் இந்த நோட்டைத் தந்து, "தினமும் ஒரு வரியாவது எழுதணும் பாட்டா. நல்லதோ கெட்டதோ" என்றார்.

கெட்டதையும் எழுதலாம் என்றது எனக்குப் பிடித்தது. வாயால் திட்டினால் என் பெண்டாட்டி ஞானப்பூ சண்டைக்கு வருகிறாள். நோட்டு வராது.

ஜூன் 12, புதன்

மழை. ழ எழுதும்போது நாக்கும் சேர்ந்து வளைகிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்று பெரிய வேலை செய்தேன். என்னிடம் தேனீப் பெட்டி பன்னிரண்டு. உயிர் எழுத்தும் பன்னிரண்டு. வகுப்பில் டீச்சர் எண்ணிக் காட்டியபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ எனக்காகவே எண்ணி வைத்ததுபோல. வெள்ளைப் பெயின்ட் வாங்கி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்தாக எழுதினேன். அ வீட்டு வாசலில். இ பலாமரத்தடியில். எ எட்வின் வேலியோரம், எட்வினுக்கும் அதுதான் முதல் எழுத்து, மறக்காது. ஏ அயனிமரத்தடியில், அங்கே ஏணி சாத்தியிருக்கிறது, அதுவும் மறக்காது. ஔ கிணற்றடியில். ஔ எழுத்துக்கு வயிறு பெரிது. பெயின்ட் தீர்ந்துபோனது.

எட்வின் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். அவனிடம் பத்துப் பெட்டி இருக்கிறது. எனக்கு மருமகன் முறை.

"என்ன மாமா, தேனீக்கும் பள்ளிக்கூடமா?"

"ஓம். ஒனக்க பெட்டிய எல்லாம் ஒண்ணாங் கிளாசுல சேக்க மாட்டோம்."

"எனக்க பெட்டி எல்லாம் பாஸானதாக்கும்" என்றான். திமிர் பிடித்தவன்.

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். மச்சினன் மரியதாஸ் வீட்டுப் பரணில் தேனீ அடை கட்டுகிற மரச்சட்டம் ஆறு கிடந்தது, பழைய அடையோடு. நல்ல தேக்கு. அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது, யாருக்கும் வேண்டாமாம். கொண்டுவந்து ஏ பெட்டியில் வைத்தேன். ஞானப்பூ முகத்தைச் சுளித்தாள். "வேண்டாம் கேட்டியளா. எனக்க தம்பிக்க பெட்டி மொத்தமும் செத்துப் போச்சுல்லா."

செத்தது தேனீ. சட்டம் மரம்தானே.

ஜூன் 20, வியாழன்

வகுப்பில் கேவலமாகிவிட்டது. டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். "ஏன் வந்தாய்" என்றார். நான் "என் வந்தாய்" என்று எழுதினேன். "ஏணி" என்றார். "எணி" என்று எழுதினேன்.

"பாட்டா, ஏ-க்கு கீழ ஒரு வால் உண்டு. அந்த வால் இல்லன்னா அது எ. எத்தன தடவ சொல்லுறது?"

பின்பெஞ்சில் இருந்த மீன்காரி லில்லிபாய், "பாட்டா வால அறுத்து கறி வச்சிட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. இவ்வளவு சின்னக் கோட்டுக்கு இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தவன் யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

ஜூன் 27, வியாழன்

ஏ பெட்டியைத் திறந்தேன். நாற்றம். பழைய மரப்பசையைக் காய்ச்சியதுபோல. மூடியிருக்கிற புழு அறைகள் சில உள்வாங்கிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஊசி ஓட்டை. உள்ளே புழு காப்பிப்பொடி நிறத்தில் செத்திருக்கிறது.

மூடிவிட்டேன். இந்த மழையில் தேனீக்குப் பூவும் இல்லை, வெயிலும் இல்லை. சர்க்கரைப் பாகு வைத்தால் எட்வினின் தேனீக்கள் கூட்டமாக வந்து திருடிக் குடிக்கின்றன. வரும்போது நோயையும் கொண்டுவராமலா இருக்கும்? வேலிக்குப் போய்க் கேட்டேன்.

"வே எட்வினே, ஒனக்க பெட்டியில என்ன சீக்கு?"

"எனக்க பெட்டியில ஒரு சீக்கும் இல்ல. ஒமக்க பெட்டியில என்ன நாத்தம்? இஞ்ச வரைக்கும் வருது."

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எட்வின் களவாணி. எட்வின் களவாணி. எட்வின் களவாணி. களவாணியில் எந்த ண என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூலை 3, புதன்

அரசு ஆபீசிலிருந்து தேனீ மேடம் வந்தார். பெயர் கயல்விழி, வட மாவட்டத்துக்காரர். எட்வின்தான் போன் போட்டிருக்கிறான். என் வீட்டுக்கு ஆள் வரவழைக்க அவன் யார்?

மேடம் நல்லவர். காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டுதான் தோட்டத்துக்குள்ளேயே இறங்கினார். சொன்னது இது. புழுவை அழுகவைக்கிற பாக்டீரியா ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதற்கு விதை மாதிரி ஒன்று இருக்கிறது. அது மரத்திலும் மெழுகிலும் தேனிலும் நாற்பது வருஷம் கிடக்கும். மருந்து கொடுத்தால் நோய் ஒளிந்துகொள்ளும், சாகாது. மருந்து தேனிலும் நிற்கும். அந்த நோய் என்று உறுதியானால் பெட்டியைத் தேனீயோடு எரித்துப் புதைக்க வேண்டும். ஒரு பெட்டியில் வைத்த கத்தியைத் தீயில் காட்டாமல் அடுத்த பெட்டியில் வைக்கக் கூடாது.

"ஐயா, வெளியிலிருந்து சட்டமோ அடையோ வாங்கி வச்சீங்களா?"

"இல்ல" என்றேன். வாங்கவில்லைதான். மச்சினன் வீட்டில் எடுத்தது வாங்கியதாகாது.

சந்தேகப்பட்ட மூன்று பெட்டியில் புழு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அவர் முதலில் பலாமரத்தடிக்குப் போனார், பிறகு ஏணி சாத்திய அயனிமரத்தடிக்கு, பிறகு கிணற்றடிக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் புழுவை எடுத்துப் புட்டியில் போட்டு, எழுத்தைச் சத்தமாகச் சொன்னார். புட்டியில் எழுதுவதற்கு அவருடைய உதவியாளர் பேனாவை எடுத்தார். நான் விடவில்லை. "எனக்க பெட்டி. நான்தான் எழுதுவேன்" என்றேன். மேடம் சிரித்து, பேனாவை என்னிடம் தரச் சொன்னார்.

முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதினேன். இ. எ. ஔ. புட்டி சின்னது, ஔ-வின் வயிறு பின்பக்கம் வரை போனது. உதவியாளர் அதைப் பார்த்து, "பாட்டாவுக்கு நல்ல கையெழுத்தாக்கும்" என்றார். என் எழுத்து பஸ் ஏறி ஊர் விட்டு ஊர் போகிறது.

ஜூலை 4, வியாழன்

நேற்று எழுதியதை நாலு தடவை படித்தேன். ஜோர்.

ஜூலை 18, வியாழன்

கடிதம் வந்தது. என் பெயருக்கு. தபால்காரர் உடைக்கப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக நானே படித்தேன். இ, நோய் இல்லை. ஔ, நோய் இல்லை. எ, நோய் உள்ளது. உடனடியாக எரித்துப் புதைக்கவும்.

எ! எட்வின் வேலியோரம் நிற்கிற பெட்டி! நான் என்ன சொன்னேன்? எங்கிருந்து நோய் வந்தது என்று கடிதத்திலேயே வந்துவிட்டது. ஞானப்பூவைக் கூப்பிட்டு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"எ பெட்டிய மேடம் எப்ப தொறந்தாவ? நான் பாக்கலியே" என்றாள்.

"நீ அடுக்களையில நின்னா. ஒனக்கென்ன தெரியும்?"

"நாத்தம் அடிச்சது ஏணிமரத்துக்க பெட்டியில்லா?"

எழுத்தில் வந்திருக்கிறது. படிக்காதவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜூலை 20, சனி

சாயங்காலம் தேனீ எல்லாம் அடைந்த பிறகு எ பெட்டியின் வாசலைக் களிமண்ணால் அடைத்தேன். இடுப்பளவு குழி வெட்டியிருந்தேன். அதற்கே காலையிலிருந்து மதியம் வரை ஆனது. இறக்கும்போது மூடி நழுவி ஒரு சட்டம் வெளியே வந்தது. அடை முழுக்கப் புழு. வெள்ளையாக, சுருண்டு, முத்துப்போல.

எட்வின் வேலியைத் தாண்டி வந்துவிட்டான். "மாமா, நில்லும். இது நல்ல பெட்டியாக்கும். புழுவப் பாரும்."

"ஒனக்க கண்ணுல பாக்டீரியா தெரியுமா வே?"

"நாத்தம் உண்டா? மோந்து பாரும் ஓய்!"

"ஒனக்க பெட்டியில இருந்து வந்த தீனமாக்கும் இது. நீ என்னத்துக்குத் தடுக்கா? உண்மை வெளிய வருமுன்னா?"

குழிக்குள் காலை விட்டு நின்றவனைப் பிடித்து ஒதுக்கினேன். மண்ணெண்ணெயை ஊற்றினேன். தீ பிடித்ததும் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. என் பெட்டிகளில் தை மாதம் மற்றதைவிட இரண்டு மடங்கு தேன் கொடுத்தது அதுதான். அந்தச் சத்தத்துக்கு எழுத்து எதுவும் நான் இன்னும் படிக்கவில்லை.

எட்வின்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அந்தக் குழி போதாது.

ஜூலை 21, ஞாயிறு

கோயில் முடிந்து தேனீ வளர்ப்போர் சங்கக் கூட்டம். கடிதத்தைக் கொண்டுபோய் எழுந்து நின்று படித்தேன். நான் படிக்கிறதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு, எ பெட்டி நிற்கிற இடத்தைச் சொன்னேன். எட்வினின் பெட்டிகளில் நோய் இருக்கிறது, வருகிற தை மாதம் அவற்றை ரப்பர் எஸ்டேட்டில் வைத்தால் எல்லோருடைய பெட்டியும் போகும் என்றேன்.

எட்வின், "சோதன பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று கத்தினான். யாரும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் அவனுக்கு இந்த வருஷம் இடம் இல்லை என்று தீர்மானம். ரப்பர் தளிர் விட்டுத் தேன் சுரக்கும்போது எஸ்டேட்டில் பெட்டி இல்லை என்றால் வருஷம் முழுவதும் தேன் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. கைநாட்டு இல்லை, கையெழுத்து. தாசையன். சை நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஊ பெட்டியில் நாற்றம். ஐ பெட்டியிலும். ஒ, ஓ இரண்டிலும் உள்வாங்கிய மூடிகள். ஏ பெட்டியில் கைப்பிடித் தேனீதான் மிச்சம். அதிலிருக்கிற தேனை மற்றப் பெட்டித் தேனீக்கள் வந்து கொள்ளையடிக்கின்றன. என் தேனீயும், எட்வின் தேனீயும்.

எரித்தேனே! சொன்னபடி எரித்தேனே! பிறகு என்ன எழவு?

மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். புதன்கிழமை வருவதாகச் சொன்னார். ஞானப்பூ கஞ்சி வைத்தாள். தட்டைத் தள்ளினேன். கொட்டிவிட்டது. நானே துடைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மேடம் நேராக அயனிமரத்தடிக்குப் போனார். ஏணிக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, இதை ஏன் இன்னும் எரிக்கல?"

"இத எதுக்கு எரிக்கணும்? நீங்க எரிக்கச் சொன்னத எரிச்சாச்சு."

"நான் புழு எடுத்தது இதுலதானே."

ஒரு தீக்குச்சியை எடுத்தார். அதன் பின்முனையைச் செத்த புழுவுக்குள் விட்டு மெதுவாக இழுத்தார். பலாப்பழப் பால் இழுக்கிறதுபோல, காப்பி நிறத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூலாக வந்தது. "இந்த நோய்க்கு இதுதான் அடையாளம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கடுதாசியில எ-ன்னுல்லா போட்டிருந்து? ஒங்க ஆபீசுல எவனோ தப்பா எழுதிப்போட்டு எனக்க நல்ல பெட்டிய எரிக்க வச்சாச்சு. எல்லாத்துக்கும் சம்பளம் வேற!"

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "புட்டியில என்ன எழுத்து இருந்ததோ, அதைத்தான் அங்க எழுதுவாங்க, ஐயா" என்றார்.

"நான் சரியாத்தான் எழுதினேன்."

அவர் தீக்குச்சியைக் கொளுத்தி, எரிந்து முடியும்வரை கையில் பிடித்திருந்தார். பிறகு எட்வின் தோட்டத்துக்கும் போனார். அவன் பத்தில் மூன்றுக்கு நோய். போன மாதம் வந்தது, இங்கே திருடின தேனில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்றார்.

போகும்போது சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, "இது தேக்கு. உங்க மத்த சட்டமெல்லாம் வேற மரம். இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார்.

மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வகுப்பு இல்லை, கொடியேற்றம். ஆபீசுக்குக் காரமாக ஒரு புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மேடம் எந்தத் தேதியில் வந்தார் என்று பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன்.

ஜூலை 3. பலாமரத்தடி, ஏணி சாத்திய அயனிமரத்தடி, கிணற்றடி. அதற்குக் கீழே, என் கையெழுத்தில், இ. எ. ஔ.

யாராவது திருத்தியிருப்பார்களோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஞானப்பூவுக்குப் படிக்கத் தெரியாது.

பிறகு ஜூன் 14-ஐப் படித்தேன். செத்தது தேனீ, சட்டம் மரம்தானே என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜூலை 18. ஞானப்பூ கேட்டதும், நான் சொன்னதும்.

கைநாட்டு வைத்த காலத்தில் நான் இப்படி ஒரு தப்பும் செய்ததில்லை. பெட்டிக்கு எழுத்து இல்லாதபோது மூக்கால் மோந்துதான் நோயைக் கண்டுபிடித்தேன். மூக்கு சொன்னது. ஞானப்பூ சொன்னாள். எட்வின் குழிக்குள் காலை விட்டு நின்று சொன்னான். எனக்குக் கடிதம் போதுமாக இருந்தது. கடிதத்தில் நான் விரும்பியது இருந்தது.

பேனாவை உடைத்துப் போடத் தோன்றியது. உடைக்கவில்லை. இதை எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஏ, ஊ, ஐ, ஒ, ஓ. ஐந்தையும் எரித்துப் புதைத்தேன். தேக்குச் சட்டம் ஆறும் முதலில் போனது. நன்றாக எரிந்தது. கத்தி, புகைப்பான், கையுறை எல்லாம் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். மேடம் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் புகை வந்தது. எட்வின் மூன்றை எரிக்கிறான். இரண்டு புகையும் மேலே போய் ஒன்றாகக் கலந்தது. அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. திட்ட மட்டும்தான் பழகிய வாய்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வகுப்பில் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். டீச்சர் "யாருக்கு பாட்டா லவ் லெட்டரு?" என்றார். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஆறாவதை வேலியில் எட்வினிடம் நீட்டினேன். அவன் வாங்காமல் நின்றான். நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கடைசியில் வாங்கினான். சத்தமாகவே படித்தான்.

"எட்வினுக்கு மாமா எழுதுவது. நோய் உன் பெட்டியிலிருந்து வரவில்லை. மரியதாஸ் வீட்டுச் சட்டத்தில் வந்தது. அதை ஏ பெட்டியில் வைத்தது நான். புட்டியில் எ என்று எழுதியதும் நான். உன்னுடைய மூன்று பெட்டிக்கும் நான்தான் பொறுப்பு. என் தப்பு."

பிறகு கடைசி வரியில் விரலை வைத்தான்.

"இதுல வால் விட்டுப் போச்சா மாமா? 'ஏன் தப்பு'ன்னு எனக்கிட்ட கேக்கேரா?"

"வால் இல்ல வே. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லும். ஒம்ம வால நம்பித்தான் எனக்க எஸ்டேட்டு இடமே போச்சு."

"பாத்துத்தான் சொல்லுகேன். என் தப்பு."

அவன் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தான். கோபம் குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை. "இத எனக்குத் தந்து என்ன காரியம்? நீரு என்னத் திட்டுனது வேலியிலயா? சங்கத்துல எழும்பி நின்னுல்லா படிச்சீரு. அங்க போய் இதையும் படியும்."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

படித்தேன்.

தேக்குச் சட்டம் என்ற இடத்தில் யாரோ "அட பாவி" என்றார்கள். எ, ஏ வரும் இடத்தில் லில்லிபாயின் புருஷன் சிரித்தான். தலைவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். கடைசி இரண்டு வார்த்தையும் சத்தமாக வந்தது.

எட்வினின் மிச்சம் ஏழு பெட்டியையும் மேடம் மறுபடி சோதிப்பார், சுத்தம் என்றால் எஸ்டேட்டில் இடம் உண்டு என்று தீர்மானத்தை மாற்றி எழுதினார்கள். என் இடத்தை இந்த வருஷம் அவனுக்கே கொடுங்கள் என்றேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கொஞ்சம் சுட்டது.

கையெழுத்துப் போடும்போது எட்வின் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். "தா-க்கு கால் இருக்கா, சை-க்கு கொம்பு இருக்கான்னு பாரும்" என்றான். மாமா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை விட்டிருக்கிறது. காலையில் ஆறு பெட்டியையும் திறந்து, மோந்து, மூடினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கத்தியைத் தீயில் காட்டினேன். அ, ஆ, இ, ஈ, உ, ஔ. நாற்றம் இல்லை. ஞானப்பூவையும் கூட்டிக்கொண்டு போய் மோந்து பார்க்கச் சொன்னேன். "இப்ப மட்டும் எனக்க மூக்கு வேணுமோ?" என்றாள். ஆனால் மோந்தாள்.

ஏ எழுதுவதற்கு இனி என்னிடம் பெட்டி இல்லை. அதனால் இந்த நோட்டில் ஒரு வரி முழுவதும் எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஏ ஏ ஏ ஏ ஏ ஏ ஏ ஏ ஏ ஏ

பத்து. எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வால் இருக்கிறது.